சவரம்தானே என்கிறவர்களுக்கு

கையால் செய்வித்த சவரக்கத்திக்குக் கொடுக்கிற காசு தண்டம். இன்று பெரும்பாலோரிடம் நிலவும் தீர்ப்பு இது. சவரக்கத்தியைத் தொட்டே பார்க்காதவர் இதைச் சொல்கிறார். தினமும் அதில் மழித்துக்கொள்கிறவர்களிலும் பலர் இதையே சொல்கிறார்கள். "சவரம்தானே, அதுக்கு இவ்வளவா?" என்ற ஒற்றைக் கேள்வியோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அப்படி முடிந்துவிடக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

எந்தக் கத்தியைப் பற்றிப் பேச்சு என்பதை முதலில் திட்டமாக வைத்துக்கொள்வோம். பிளேடு செருகுகிற பிடியைச் சொல்லவில்லை. அலகே எஃகாலான மடக்குக் கத்தியைச் சொல்கிறேன். ஒருவரே, தன் பட்டறையில், வாங்குகிறவரிடம் கேட்டுக்கேட்டுச் செய்வது. கார்பன் எஃகுப் பட்டையை அடித்தோ வெட்டியோ வடிவுக்குக் கொண்டுவந்து, உலையில் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, சாணை பிடித்து, கொம்பிலோ மரத்திலோ பிடி போட்டு, கல்லில் தீட்டி, அலகின் அடியில் தன் முத்திரையைக் குத்தி அனுப்புகிறார். ஒரு காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டும் ஜெர்மனியின் சோலிங்கனும் இந்தத் தொழிலுக்குத் தலைநகரங்கள். இன்று இந்த வேலை அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான் என்று சிதறிக் கிடக்கும் தனியாள் பட்டறைகளில் நடக்கிறது. விலை, ஆலையில் செய்த புதுக் கத்தியைப் போலப் பல மடங்கு வரும். காத்திருப்பு மாதக் கணக்கில்.

எதிர்த்தரப்பின் வாதத்தை இளைக்கவைத்து ஜெயிப்பதில் பெருமை இல்லை. அதன் முழுப் பலத்தோடு சொன்னால் அது இப்படி வரும். சவரக்கத்தியின் வேலை மயிரை மழிப்பது. அந்த வேலையைச் சில ரூபாய் பிளேடு செய்துவிடுகிறது. கத்தியேதான் வேண்டும் என்றால் ஆலையில் இயந்திரம் துல்லியமாகச் செய்து தருகிறது. அதற்கும் மனமில்லை என்றால் நூறாண்டுப் பழைய ஷெஃபீல்டு, சோலிங்கன் கத்திகள் பழஞ்சாமான் சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. இவ்வளவு இருக்க, கைவேலைக்குப் பணத்தைக் கொட்டுகிறவர் அலங்காரத்துக்கும் பெருமைக்கும் கொட்டுகிறார். கன்னத்துக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

இதைச் சொல்கிறவர்கள் அறிவில்லாமல் சொல்லவில்லை. இதில் இரண்டு இடங்களில் நானே அவர்கள் பக்கம் நிற்கிறேன். அவற்றை அந்தந்த இடத்தில் ஒப்புக்கொள்வேன். ஆனால் முடிவு தவறு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "ஒரு சவரத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று பார்"

பார்த்துவிடுவோம். இருபுறமும் கூருள்ள சாதாரண பிளேடு ஒன்று 3 ரூபாய், அதில் 5 சவரம் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சவரத்துக்கு 60 காசு. கையால் செய்த கத்திக்கு 50,000 ரூபாய் என்று வையுங்கள். அந்தப் பணத்துக்குப் பிளேடு வாங்கினால் 83,000 சவரத்துக்கு மேல் வரும். தினம் ஒரு முறை மழித்தாலும் 228 ஆண்டுகள். தீட்டுக்கல், தோல்வார் செலவையும் சேர்த்தால் நூற்றாண்டுகள் இன்னும் நீளும்.

இது நான் ஒப்புக்கொள்ளும் முதல் இடம். "கத்தி வாங்கினால் பிளேடுச் செலவு மிச்சம்" என்று சொல்லி இந்தக் கத்திகளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் கணக்குப் போடாமல் பேசுகிறார்கள். சிக்கனத்தின் பெயரால் இதை நியாயப்படுத்த முடியாது. முயலவும் கூடாது.

ஆனால் இந்தக் கணக்கு எதை அளக்கிறது? தீர்ந்துபோகிற பொருளைத்தான். தீர்ந்துபோகிறதற்கு, ஒரு தடவைக்கு எவ்வளவு என்ற கேள்வி பொருந்தும். தீராமல் கைமாறி வருகிற பொருளிடம் அதே கேள்வியைக் கேட்டால் விடை பிழையாகத்தான் வரும். பாட்டி விட்டுப்போன வெண்கல உருளியை, ஒரு பாயசத்துக்கு எவ்வளவு விழுந்தது என்று எந்த வீட்டிலும் வகுத்துப் பார்ப்பதில்லை.

கூர் என்பது என்னவென்று யோசித்தால் இது இன்னும் தெளிவாகும். 2020இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள், மழிக்கும்போது எஃகு விளிம்புக்கு என்ன ஆகிறது என்பதை நுண்ணோக்கியில் பார்த்து 'சயன்ஸ்' இதழில் எழுதினார்கள். மயிர் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் அது வளைந்து மோதும் இடத்தில், எஃகின் உள்ளமைப்பு சீராக இல்லாத புள்ளிகளில், விளிம்பிலிருந்து நுண்ணிய சில்லுகள் பெயர்கின்றன. ஆக, எந்தக் கூரும் நிலைக்காது. எத்தனை ரூபாய் கொடுத்தாலும் சாகாத கூரை யாரும் விற்க முடியாது. கேள்வி, கூர் போனபின் என்ன ஆகிறது என்பதுதான். பிளேடு குப்பைக்குப் போகிறது. கத்தி கல்லுக்குப் போகிறது. பிளேடுக்குக் கொடுக்கும் 3 ரூபாய் ஒரு கூரின் விலை. கத்திக்குக் கொடுப்பது, இனி வரப்போகும் எல்லாக் கூர்களையும் தாங்கப்போகிற எஃகின் விலை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிட்டு ஒரு தட்டு தாழ்ந்ததென்று வியப்பதில் பொருளில்லை.

2. "இயந்திரம் கையைவிடத் துல்லியமானது"

எந்த இயந்திரம்? ஆலைக் கத்தியின் பெருமைக்குச் சான்றாக எல்லாரும் காட்டுவது பழைய சோலிங்கனையும் பழைய ஷெஃபீல்டையும்தான். அந்தக் கத்திகளைச் செய்தது யார்? சோலிங்கனில் வுப்பர் ஆற்றங்கரையிலும் அதன் கிளையோடைகளிலும் நீர்ச்சக்கரத்தால் சுழலும் சாணைக்கூடங்கள் இருந்தன. 'கோட்டன்' என்று பெயர். அவற்றில் ஒன்றான பால்க்ஹவுசர் கோட்டன் இன்று அருங்காட்சியகம். கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து அலகைக் கையால் பிடித்துச் சாணை பிடித்தவர்கள் பலர் ஆலையின் சம்பள ஆட்கள்கூட இல்லை. தங்கள் சொந்தப் பொறுப்பில் வேலை எடுத்துச் செய்த கைவினைஞர்கள். ஷெஃபீல்டில் இப்படி வாடகைக்கு இடம் பிடித்துத் தனியாகத் தொழில் செய்தவர்களுக்கு 'லிட்டில் மெஸ்டர்' என்று பெயர். போர்ச்சுகீசியம் வழியாக நம்மிடம் வந்த 'மேஸ்திரி'க்கும் அந்த 'மெஸ்ட'ருக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல். சின்ன மேஸ்திரிகள் செய்த கத்தியை ஆலை தன் பெயர் குத்தி விற்றது. அவர்களுடைய நுரையீரலில் கல்தூசி படிந்தது. ஷெஃபீல்டில் அதற்கு 'சாணைக்காரர் ஆஸ்துமா' என்றே பெயர் வைத்தார்கள். நூறாண்டுக்குப் பிறகு அதே கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு "ஆலைத் தரம் என்றால் இதுதான்" என்கிறார் ஒருவர். அவர் புகழ்வது கையை. பெயர் மட்டும் தவறாகச் சொல்கிறார்.

சரி, இன்றைய இயந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். இயந்திரம் தருவது ஒரேமாதிரித்தனம். ஒரேமாதிரி இருப்பதும் சரியாக இருப்பதும் ஒன்றாகிவிடாது. சவரக்கத்தியில் இந்த வேறுபாடு எங்கே கடிக்கிறது என்பதற்கு அதன் வடிவக்கணக்கைப் பார்க்க வேண்டும்.

சமையல் கத்தியைத் தீட்டும்போது கோணத்தை நம் மணிக்கட்டு தீர்மானிக்கிறது. சவரக்கத்தியை அப்படித் தீட்டுவதில்லை. கல்லின்மேல் படுக்கவைக்கிறோம், முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடுகின்றன. கோணத்தைத் தீர்மானிப்பது முதுகின் கனமும் அலகின் அகலமும். அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்காக அளப்பது இந்தத் தொழிலின் வழக்கம். 6/8 அங்குலம், அதாவது 19 மில்லிமீட்டர் அகலமுள்ள அலகுக்கு முதுகு 5.5 மில்லிமீட்டர் கனமிருந்தால் வாயில் கோணம் ஏறத்தாழ 16.5 பாகை வரும். நல்ல கோணம். முதுகு 4.5 மில்லிமீட்டர்தான் என்றால் 13.5 பாகை, வாய் மெலிந்து சில்லு பெயரும். 7 மில்லிமீட்டர் என்றால் 21 பாகை. மயிரை வெட்டாமல் இழுக்கும். ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் கன்னம் சொல்லிவிடும். தீட்டத் தீட்ட முதுகும் வாயும் சேர்ந்தே தேய்வதால் கோணம் காலத்துக்கும் அநேகமாக மாறாமல் நிற்கும். தன் அளவுகோலைத் தன் முதுகிலேயே சுமக்கிற கருவி இது. அந்த முதுகு தொடக்கத்திலேயே கோணலாக இருந்தால், அந்தப் பிழையையும் ஆயுள் முழுக்கச் சுமக்கும்.

கோணல் எப்படி வருகிறது? தோய்ச்சலில் வருகிறது. எஃகைச் சுமார் 800 பாகை செல்சியசுக்குக் காய்ச்சிச் சட்டென்று எண்ணெயில் இறக்கும்போது, ஒரு பக்கம் கனமும் மறுபக்கம் மெலிவுமான இந்த வடிவம் முறுக்கிக்கொள்ளப் பார்க்கும். ஒரு கத்தி முறுக்கும், ஒன்று முறுக்காது. எவ்வளவு முறுக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஒவ்வொரு அலகையும் கண்ணுக்கு நேரே பிடித்து, எந்தப் பக்கம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்பச் சாணையில் திருத்துகிறவர் வேண்டும். அச்சில் பொருத்தி ஒரே தடத்தில் ஓட்டும் இயந்திரம் நேரான அலகையும் முறுக்கிய அலகையும் ஒரேமாதிரி தேய்த்து அனுப்பிவிடும்.

இது எனக்கு நேர்ந்தது. ஆலையில் செய்த புதுக் கத்தி ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். விளிம்பில் கறுப்பு மை பூசிக் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்துப் பார்த்தேன். நுனிப்பக்கம் மை போய்விட்டது. அடிப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு அப்படியே இருந்தது. அலகு கல்லில் படியாமல் ஆடுகிறது என்று பொருள். விற்றவருக்கு எழுதினேன். "அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது" என்று பதில் வந்தது. அந்த அளவை அனுமதித்தது யார் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அந்த மௌனத்தைப் பற்றிப் பின்னால் பேச வேண்டியிருக்கிறது.

3. "காசெல்லாம் அலங்காரத்துக்குத்தான் போகிறது"

சில கத்திகளில் போகிறது. இது நான் ஒப்புக்கொள்ளும் இரண்டாவது இடம். அலைஅலையாகக் கோலம் ஓடும் 'டமாஸ்கஸ்' எஃகு, பல்லாயிரம் ஆண்டு பனியில் புதைந்திருந்த மாமதத் தந்தத்தில் பிடி, தங்கக் கம்பிப் பதிப்பு என்று விலையை ஏற்றிக்கொண்டே போகிற கைவினைஞர்கள் உண்டு. அந்தக் கோலம் எப்படி வருகிறது? இரண்டு வகை எஃகை அடுக்கடுக்காக வைத்து, உலையில் பற்றவைத்து, மடித்து மடித்து அடித்து, பிறகு அமிலத்தில் முக்குகிறார்கள். நிக்கல் கலந்த அடுக்கு வெளிறி நிற்கிறது, மற்றது கறுக்கிறது. மயிரை வெட்டுகிற விளிம்பின் கனமோ ஒரு மைக்ரானுக்கும் கீழே. அந்த இடத்தில் கோலத்துக்கு வேலை இல்லை. கோலம் கண்ணுக்கானது. அதற்குக் காசு கொடுக்கிறவர் கண்ணுக்குக் கொடுக்கிறார். தெரிந்து கொடுத்தால் தவறில்லை; கூருக்குக் கொடுப்பதாக நினைத்துக் கொடுத்தால் ஏமாந்தார்.

ஆனால் சிலர் நகை போடுகிறார்கள் என்பதற்காக எல்லாக் கைவேலையும் நகைவேலை என்று எப்படி முடிவு கட்டுவது? கைவேலையின் மதிப்பு கோலத்தில் இல்லாத இடங்களில்தான் இருக்கிறது. நல்ல கத்தியை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். முதுகில் வெளிச்சம் படவைத்துப் பாருங்கள். கோடு உடையாமல் ஓட வேண்டும். வாயின் இருபுறமும் தீட்டிய பட்டை அடியிலிருந்து நுனிவரை ஒரே அகலத்தில் இருக்க வேண்டும். மடக்கினால் அலகு பிடியின் இரு பக்கத்தையும் உரசாமல் நட்டநடுவில் இறங்க வேண்டும். பாதி திறந்து விட்டால், தானாக விழாமலும் முரண்டு பிடிக்காமலும் விட்ட இடத்தில் நிற்க வேண்டும். வெறும் பித்தளைக் கம்பியும் இரண்டு வளையமும்தான் அந்தக் கீல். சுத்தியலால் தட்டித் தட்டி அதன் இறுக்கத்தை அமைக்கிறார்கள். ஒரு தட்டு கூடினால் பிடி விரியும், குறைந்தால் அலகு தொங்கும். இவற்றில் ஒன்றுகூட அலங்காரம் இல்லை. படம் எடுத்தால் இவற்றில் பாதி தெரியவே தெரியாது.

டமாஸ்கஸ் பேச்சு வந்ததால், தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்றையும் சொல்ல வேண்டும். அந்தப் பெயருக்குப் புகழ் தேடித்தந்த பழைய எஃகு தென்னிந்தியாவிலிருந்து போன, மூசை என்னும் மண்கலத்தில் உருக்கிச் செய்த மூசை எஃகு. ஐரோப்பியர் அதை 'வூட்ஸ்' என்றார்கள். கன்னட 'உக்கு', தமிழ் 'உருக்கு' என்ற சொற்களோடு அந்தப் பெயரை ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். மூசையில் எஃகு செய்த தடயங்கள் கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் கிடைத்திருக்கின்றன. 1795இல் ஜார்ஜ் பியர்சன் லண்டன் ராயல் சொசைட்டியில் இந்த எஃகைப் பற்றிக் கட்டுரை படித்தார். ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற லண்டன் கத்தி வினைஞர், ஐரோப்பாவின் மிகச்சிறந்த எஃகைவிட இதுவே தனக்கு உகந்தது என்று தன் கடை அட்டையிலேயே அச்சிட்டு, இதில் அறுவைக் கருவிகளும் சவரக்கத்திகளும் செய்தார். பிறகு இதன் இரகசியத்தைத் தேடி மைக்கேல் ஃபாரடேயோடு சேர்ந்து எஃகுக் கலவைகளை ஆராய்ந்து 1820இல் முடிவுகளை வெளியிட்டார். ஸ்டோடார்ட் இந்த எஃகைத் தேர்ந்தது கோலத்துக்காக அல்ல, கூருக்காக. கத்தி செய்கிறவர் ஒருவரின் பிடிவாதத்திலிருந்து உலோக அறிவியலில் ஒரு கிளையே துளிர்த்தது. "அலங்காரம்" என்று ஒதுக்குகிறவர்கள் இதையும் சேர்த்தே ஒதுக்குகிறார்கள்.

4. "பழைய கத்தி மலிவாகக் கிடைக்கும்போது புதிது எதற்கு?"

எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் இதுதான். என்னிடமும் பழைய சோலிங்கன் கத்தி ஒன்று உண்டு. நன்றாகத் தீட்டினால் எந்தப் புதுக் கத்திக்கும் அது சளைத்ததில்லை. கையால் செய்தது என்பதற்காகவே ஒரு கத்தி கூடுதலாக மழிக்கும் என்று நான் எங்கும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன்.

ஆனால் அந்தப் பழைய கத்திகள் ஏன் மலிவாகக் கிடைக்கின்றன? பிளேடை மாற்றிக்கொள்ளும் சவரக்கருவியைக் கொண்டுவந்த கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் விற்றது 51 சவரக்கருவியும் 168 பிளேடும். அடுத்த ஆண்டே காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போர் முடிவதற்குள் அமெரிக்கப் படைக்கு மட்டும் 35 லட்சம் கருவியும் 3 கோடியே 20 லட்சம் பிளேடும் போயின. போர்முனையிலிருந்து திரும்பிய ஒரு தலைமுறை அப்பாவின் கத்தியை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டது. நாம் இன்று மலிவாக வாங்குவது அந்த இழுப்பறைகளிலிருந்து வெளியே வரும் கத்திகளை. அது கிணற்றுத் தண்ணீர் அல்ல, தொட்டித் தண்ணீர், ஊற்று இல்லை. ஒவ்வொரு தீட்டலிலும் கொஞ்சம் எஃகு போகிறது. துரு தின்றது போகிறது, தெரியாதவர் மோட்டார் சாணையில் வைத்துச் சூடேற்றிப் பதத்தைக் கெடுத்தது போகிறது. மிச்சம் நாளுக்கு நாள் குறைகிறது.

இன்னொன்றையும் கேளுங்கள். அந்தப் பழைய கத்தியின் பிடி உடைந்தால் யார் போடுவார்கள்? முதுகு கோணியிருந்தால் யார் நேராக்குவார்கள்? வாயில் பெரிய சில்லு விழுந்தால், உள்வளைவு கெடாமல், எஃகு சூடேறாமல் திருப்பிச் சாணை பிடிக்கத் தெரிந்தவர் யார்? புதிதாகச் செய்யத் தெரிந்தவர்தான். செய்கிற கையும் சீர்செய்கிற கையும் ஒன்று. புதுக் கத்திக்கு ஆர்டர் வராத பட்டறை, பழைய கத்திக்குப் பிடி போட்டு மட்டும் உயிர் வாழாது. பழைய கத்தியே போதும் என்கிறவர், அந்தப் பழைய கத்தியைக் காப்பாற்றும் கையைப் பட்டினி போடுகிறார்.

இந்தத் தொழில் புத்தகத்தில் இருந்து மீளாது. சாணையில் பிடித்த அலகு மெலிய மெலிய அதன் ஓசை மாறும். தண்ணீரில் முக்கி எடுப்பதற்குமுன் எவ்வளவு நேரம் கல்லில் வைக்கலாம் என்பதை விரல்நுனிச் சூடு சொல்லும். இதையெல்லாம் எழுதிவைக்கலாம்; எழுத்திலிருந்து விரலுக்கு வராது. கையிலிருந்து கைக்குத்தான் போகும். ஒரு தலைமுறை இடைவெளி விழுந்தால் அறுந்தது அறுந்ததுதான். மூசை எஃகுக்கு நம்மிடமே அது நடந்தது. இன்று அகழ்ந்தெடுத்த மூசைத் துண்டுகளை வைத்துக்கொண்டு எப்படிச் செய்திருப்பார்கள் என்று ஆராய்கிறோம்.

5. "இது வசதியுள்ளவர்களின் பொழுதுபோக்கு"

சொல்லிச் செய்விப்பது வசதியுள்ளவர்களின் வழக்கம் என்று யார் சொன்னது? தேங்காய் வெட்டுகிறவரும் பனை சீவுகிறவரும் கொல்லர் பட்டறையில் போய் நின்று, தங்கள் கைக்கு இந்த எடை, இந்த வளைவு என்று சொல்லித்தான் அரிவாள் அடித்துக்கொண்டார்கள். திருப்பாச்சேத்தி அரிவாளுக்குப் பெயர் வந்தது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்து அல்ல. கருவியைக் கைக்கேற்பச் செய்வித்துக்கொள்வது உழைக்கிறவர்களின் மிகப் பழைய வழக்கம். ஆடம்பரம் என்று அதற்குப் பெயர் வந்தது, எல்லாரும் ஒரே அளவை வாங்கப் பழகிய பிறகு.

விலை அதிகம் என்பது உண்மை. ஒருவர் பல நாள் உட்கார்ந்து செய்கிற வேலைக்கு, அந்த நாட்களின் சாப்பாடும் வாடகையும் கரியும் எஃகும் சேர்ந்த விலை அது. மூன்றாண்டில் செத்துப்போகும் கைபேசிக்கு அதே தொகையைக் கொடுக்கும்போது "பேசத்தானே, அதுக்கு இவ்வளவா?" என்று நாம் கேட்பதில்லை. ஒரே மாலையில் வாடிப்போகும் மண்டப அலங்காரத்துக்குக் கேட்பதில்லை. சவரக்கத்திக்கு மட்டும் கேட்கிறோம். ஏன்?

அந்தத் 'தானே'யைக் கொஞ்சம் உற்றுக் கேளுங்கள். அது பழைய சொல். செருப்புத்தானே, பானைதானே, துணி வெளுப்பதுதானே, சவரம்தானே. நம் ஊரில் அந்தத் 'தானே' எந்தெந்தத் தொழிலோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் போதும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு வந்த முடிதிருத்துபவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். இருபது வயதுக்காரன் அவரை "வா, போ" என்பான். அவர் கையிலிருந்த கத்தி அவருடைய அப்பா வைத்திருந்தது. தீட்டித் தீட்டி அரை விரல் அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. உள்ளங்கையில் இப்படியும் அப்படியும் நாலு இழுப்பு இழுத்து, கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என் தாத்தாவின் தொண்டைக்குழியில் வைப்பார். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு கதை பேசுவார். தொண்டையை நம்பிக் கொடுக்கிற அளவுக்கு மதிப்பு உண்டு. 'வாங்க' என்று சொல்கிற அளவுக்கு இல்லை. கட்டியைக் கீறி, புண்ணைக் கழுவி, மருந்து கட்டியதும் அந்தத் தொழிலைச் செய்தவர்கள்தான். அவர்களில் பலருக்கு 'மருத்துவர்' என்றே பெயர். அந்த வேலைக்குப் படியளந்த நெல்லோடு அந்தத் 'தானே'யையும் சேர்த்தே அளந்தார்கள்.

இன்று கடைகளில் பாதி பிளேடை ஒருவருக்கு ஒன்றாக மாட்டி மழிக்கிறார்கள். அது சரி. ஒரே கத்தி பல பேர் தோலைத் தொட்டால் ஹெப்பாடிடிஸ் பி, எச்.ஐ.வி. போன்றவை தொற்றக்கூடும். சவரக்கத்தி என்பது ஒருவர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் கருவியாக இருக்கட்டும். கடைக்கு அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. நான் சொல்வது வேறு. கையின் வேலைக்கு மதிப்புக் கொடுக்காத பழக்கத்தை நாம் சிக்கனம் என்று பெயர் மாற்றி வைத்திருக்கிறோம். "சவரம்தானே" என்கிற வாயில் கணக்கைவிடப் பழையது ஒன்று இருக்கிறது.

அப்படியானால் கொடுத்த காசுக்கு என்னதான் கிடைக்கிறது?

பதில் சொல்ல ஒரு ஆள் கிடைக்கிறார்.

1624இல் ஷெஃபீல்டின் கத்தி வினைஞர் சங்கம் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக உருவானபோது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று, ஒவ்வொரு வினைஞரின் முத்திரையையும் பதிந்து காப்பது. 1938இல் ஜெர்மனியில் 'சோலிங்கன்' என்ற ஊர்ப்பெயரையே சட்டம் போட்டுக் காத்தார்கள்; வேறெங்கோ செய்ததன்மேல் அந்தப் பெயரைக் குத்த முடியாது. முத்திரை எதற்கு? அழகுக்கா? கத்தி பழுதென்றால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்று வாங்கியவருக்குத் தெரிவதற்கு. அலகின் அடியில் குத்திய அந்தச் சிறு குறி ஒரு வாக்குறுதி. ஆலை வளர வளர வாக்குறுதி கொடுத்த ஆள் மறைந்தார். குறி மட்டும் நின்றது. எனக்கு "அனுமதிக்கப்பட்ட அளவு" என்று எழுதியவருக்கு, அந்த அளவை வைத்தது யார் என்று உண்மையிலேயே தெரிந்திருக்காது. அந்த மௌனத்தில் அவருடைய தவறு எதுவும் இல்லை. கேள்வி போய்ச் சேர அங்கே ஆள் இல்லை.

பிற்பாடு நான் ஒரு தனிப் பட்டறைக்காரரிடம் கத்தி செய்வித்தேன். வேலை தொடங்குமுன் அவர் கேட்டார்: எந்தக் கையால் மழிப்பீர்கள்? தாடி முரடா, மென்மையா? எத்தனை நாளுக்கு ஒருமுறை? மேலுதட்டில் நுனி குத்துமா? உங்களிடம் இருக்கும் கல்லின் அகலம் எவ்வளவு? மாதங்கள் கழித்துக் கத்தி வந்தது. மழித்தேன், நன்றாக இருந்தது. ஆனால் ஆறு மாதத்தில், மழைக்காலத்து ஈரத்தில், கொம்புப் பிடியின் ஒரு பக்கம் லேசாக வளைந்து, மடக்கும்போது அலகை உரசத் தொடங்கியது. கையால் செய்தது பழுதாகாது என்று நினைத்திருந்தால் அன்றைக்கு என் வாதமும் உடைந்திருக்கும்.

படம் எடுத்து அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது. உங்கள் ஊரின் ஈரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை, தப்பு என்னுடையது, திருப்பி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார். கத்தி போய், வேறு பிடியோடு வந்தது. கூடவே ஒரு துண்டுக் காகிதம். இனி கடலோர ஊர்களுக்குக் கொம்பில் பிடி போட மாட்டேன் என்று அதில் எழுதியிருந்தார். என் கத்தியில் நேர்ந்த பிழை அவர் கையில் பாடமாகி, அடுத்து வாங்கப்போகிற யாரோ ஒருவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தக் காகிதத்தைக் கத்தியின் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். சவரத்துக்கு எவ்வளவு விழுகிறது என்று கேட்கிறவர்கள் வந்தால் முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.